பட்டாளத்தில் போன முதுகு: கேட்க வேண்டிய பென்ஷன்



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு அக்கா இருபதாயிரம் ரூபாய் கடனுக்குத் தீர்மானம் எழுதச் சொன்னார். எதுக்குன்னு கேட்டோம். "வீட்டுக்காரருக்கு முதுகுத் தண்டுல ஸ்கேன் எடுக்கணும், டவுன்ல ஊசியும் போடணுமாம்" என்றார். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அவர் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். மலைமேல் டியூட்டியில் சரிந்து விழுந்து, ராணுவ ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருந்தவர். மாதப் பென்ஷன் வருகிறது. முதுகுக்கென்று தனிப் பென்ஷன் கேட்கலையான்னு கேட்டோம். "கேட்டாரு, இல்லைன்னு லெட்டர் வந்துருச்சு. அதோட விட்டுட்டோம்" என்றார்.

நம் கூட்டமைப்பில் பட்டாளத்து வீடுகள் நிறைய. அதனால் இந்த மாதப் பாடம் அந்த லெட்டரைப் பற்றித்தான்.

இது கலெக்டர் ஆபீசில் தரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை இல்லை. ராணுவம் தருகிற டிசெபிலிட்டி பென்ஷன். சாதாரணப் பென்ஷனோடு கூடுதலாக வருவது. இதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, ஊனம் 20 சதவீதமாவது இருக்கணும். இரண்டு, அந்த ஊனம் ராணுவ வேலையால் வந்திருக்கணும், அல்லது ராணுவ வேலையால் அதிகமாகியிருக்கணும். பணியை விட்டு வரும்போது நடக்கும் மெடிக்கல் போர்டு இந்த இரண்டையும் எழுதி வைக்கும்.

முதுகு விஷயத்தில் சிக்கல் வருவது இரண்டாவதில்தான். கை போனால் கண்ணுக்குத் தெரியும். முதுகு அப்படியில்லை. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும். வலி இடுப்பில் ஆரம்பித்து காலுக்கு இறங்கும். விழுந்ததாலும் வரும், சுமை தூக்கியும் வரும், வயசானாலும் வரும். அதனால் போர்டு சுலபமாக "ராணுவ வேலையால் வந்ததும் அல்ல, அதிகமானதும் அல்ல" என்று எழுதிவிட முடிகிறது. இங்கிலீஷ் சுருக்கத்தில் இதை 'நானா' என்பார்கள். முதுகை உடைத்தது யாருன்னு கேட்டால், நானான்னு திருப்பிக் கேட்கிற மாதிரிதான் எங்களுக்குப் படுகிறது!

ஆனால் அந்த லெட்டர் முடிவு இல்லை. 2013ல் தரம்வீர் சிங் என்ற முன்னாள் சிப்பாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லையென்றால், அவர் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் வேலையால் வரவில்லை என்றால், காரணத்தோடு காட்ட வேண்டியது அரசாங்கம்தான். சந்தேகம் வந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு.

பணம் எவ்வளவு என்பதையும் பார்ப்போம், கணக்கு நமக்குப் புதுசா என்ன? நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கடைசிச் சம்பளம் 30,000 என்று வைத்தால் அது 9,000 ரூபாய். ஊனம் 20 சதவீதம் என்றால் 1,800. ஆனால் ஐம்பதுக்குக் கீழே இருப்பதை ஐம்பதாகவே கணக்கிடும் முறை 1996 முதல் உண்டு. அப்போது 4,500 ஆகிறது. முதலில் இதைப் பாதியிலேயே உடல்நிலையால் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014ல் ராம் அவ்தார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஏற்கெனவே ஊனப் பென்ஷன் வாங்குகிறவர்களும் பாஸ்புக்கோடு இதை ஒருமுறை சரிபார்க்கணும். 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்கள் அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

இனி காகிதம். வழக்கு நிற்பதும் விழுவதும் இதில்தான். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆர்டர், ராணுவ ஆஸ்பத்திரிச் சீட்டுகள், விழுந்தபோது எழுதிய காயம் ரிப்போர்ட், மெடிக்கல் போர்டு நகல், மறுப்பு லெட்டர். இப்போது டவுனில் எடுக்கும் ஸ்கேன் வலி இருக்கிறது என்று காட்டும். அது எங்கே வந்தது என்று காட்டாது. பணியில் இருந்தபோது எழுதிய ஒரு துண்டுச் சீட்டுக்கு அதைவிட மதிப்பு அதிகம். வீட்டில் இல்லையென்றால் அவருடைய ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும்.

வலியை மறைத்துப் பதவி உயர்வு வாங்கி, 'ஃபிட்' என்று எழுதி வெளியே வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி குறுகல்தான். பொய் நம்பிக்கை கொடுக்க எங்களுக்கு இஷ்டமில்லை.

மறுப்பு வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அதுவும் போனால் இரண்டாவது அப்பீல். பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அதன் கிளை சென்னையிலேயே இருக்கிறது. காலம் கடந்துவிட்டதே என்று நினைக்கிறீர்களா? தர்செம் சிங் என்பவர் 1983ல் அனுப்பப்பட்டு 1999ல்தான் கோர்ட்டுக்குப் போனார். பென்ஷன் கிடைத்தது. ஆனால் பழைய பாக்கி, வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும்தான் என்று 2008ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. தாமதத்துக்கு விலை இதுதான்.

பாக்கியில் பாதி கேட்கும் புரோக்கர் யாரும் வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள். 1987ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கணவர் இறந்து, அவர் காலத்துப் பாக்கியைக் கேட்கும் சகோதரிகள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் கேளுங்கள்.

இன்னொன்று. முதுகு வலியோடு கால் மரத்து, சிறுநீர் வருவதே தெரியாமல் போனால் மனு எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அந்த அக்கா வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தது, ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு கிழிந்தபடி இருந்தது. காயம் ரிப்போர்ட் இல்லை. அதைக் கேட்டு ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதியிருக்கிறோம். பெட்டியின் அடியில் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் இ.சி.எச்.எஸ். கார்டும் கிடைத்தது. 2003ல் தொடங்கிய திட்டம் அது. ஸ்கேன் அதிலேயே எடுத்தாகிவிட்டது. இருபதாயிரம் கடன் தீர்மானத்தை அக்காவே ரத்து செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.