கேமரன் மலையில் ஒரு சூரியக் கடிகாரம்

தானா ராட்டாவிலோ பிரிஞ்சாங்கிலோ ஒரு பொதுத் திடலில் சூரியக் கடிகாரம் நிறுத்தினால், தேயிலைத் தோட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு நல்ல காட்சியாக இருக்குமே என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. காட்சியாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சீமைத் தோட்டங்களுக்கென்று வார்த்த பித்தளைத் தட்டை வாங்கித் தூண்மீது பதித்துவிட்டால், அது நாள்தோறும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். மெய் சொல்லும்படி அமைப்பது எப்படி என்பதைச் சற்றுக் கவனிப்போம்.

சூரியக் கடிகாரத்தின் முள் பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். அதாவது, வடக்கே நோக்கி, அந்த ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். லண்டனுக்கு அது 51½ டிகிரி. நமக்கோ 4½ டிகிரிதான். முள் ஏறத்தாழப் படுத்தே கிடக்கும். தட்டையான பலகையில் அப்போது கோடுகள் நெருங்கிவிடுகின்றன. காலை 9 மணிக் கோட்டுக்கும் உச்சிக் கோட்டுக்கும் இடையே 4½ டிகிரிதான் இருக்கும். அதை யார் படிப்பது?

ஆகையால் இம்மலைக்கு ஏற்றது அரைவளையம். பீப்பாய் வளையத்தைப் பாதியாக வெட்டி, குழிவு மேல்நோக்கக் கிழக்கு மேற்காக நிறுத்தியதாக எண்ணிக்கொள்ளுங்கள். வட்டத்தின் மையம் வழியே தெற்கு வடக்காக ஒரு கம்பி. வளையத்தின் உட்புறத்தில் மணிக்கு 15 டிகிரி வீதம் சமமாகக் கோடுகள். காலையில் நிழல் மேற்குப் பக்கத்தில் உயரத்தில் விழும். உச்சியில் அடிக்கு இறங்கும். பிறகு கிழக்குப் பக்கம் ஏறும். ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் 11 வரையில் நம்மூரில் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. அரைவளையத்துக்கு இரண்டும் ஒன்றே.

வடக்கைக் காண ஒரு குச்சி போதும். அதைச் செங்குத்தாக நட்டு, சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து இணைத்தால் அதுவே கிழக்கு மேற்கு. இங்கே பிற்பகலில் மூட்டம் இறங்கிவிடுமாதலால் சிறிய வட்டமே நல்லது.

இந்த வித்தை நம் சமூகத்துக்கு அந்நியமானதன்று. டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பதவியிலிருந்த இப்னு ஷாதிர், 1371-ல் வடக்கு மினாராவில் ஒரு பெரிய சலவைக்கல் கடிகாரம் பதித்தார். பூமியின் அச்சுக்கு இணையான முள் கொண்டு இன்றளவும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கடிகாரங்களில் அதுவும் ஒன்று. மூலக்கல் இப்போது டமாஸ்கஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூர்ச் சிவன் கோயில் மதிலில் ஒரு நிழற்கடிகாரம் உண்டு.

சரியாக அமைத்த பிறகும் ஒரு புகார் வரும்: “கைக்கடிகாரத்துக்கும் இதற்கும் ஒரு மணிக்கு மேல் வித்தியாசமாயிருக்கிறதே!” இருக்கத்தான் வேண்டும். மலேசிய நேரம் 120-வது தீர்க்கரேகையின் நேரம். தானா ராட்டா இருப்பதோ 101 டிகிரியைச் சற்றுத் தாண்டி. டிகிரிக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் 1 மணி 14 நிமிடம் வருகிறது. 1905-ல் கிரீன்விச்சுக்கு 7 மணி முந்திய நேரத்தை வைத்தார்கள். அப்போது இங்கே உச்சி சராசரியாக 12.14-க்கு. 1933-ல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941-ல் அது 7½ மணியாயிற்று, உச்சி 12.44. மறுவருடம் ஜப்பான்காரன் டோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்தான், உச்சி 2.14-க்குப் போயிற்று! 1945-ல் மீண்டும் 7½. 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்கு முள்ளை 12-க்குத் தள்ளினார்கள். அன்று முதல் 1.14. இத்தனைக்கும் நிழல் இருந்த இடத்தில்தான் இருந்தது.

சராசரி என்றோம். பூமி சூரியனை நீள்வட்டத்தில் சுற்றுவதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் உச்சி முன்பின்னாகும். பிப்ரவரி 11 வாக்கில் அது 1.29-க்கு, நவம்பர் 3 வாக்கில் 12.58-க்கு. ஜும்ஆவுக்குக் கடை அடைக்கும் நேரம் ஏன் இப்படி மாறுகிறது என்று கடைப் பையன்கள் கேட்கிறார்களே, காரணம் இதுதான். வளையத்தின் அடிக்கோட்டைத் தராசின் நடுமுள்ளாகக் கொள்ளுங்கள். நிழல் அதை விட்டுக் கிழக்கே சாய்ந்ததும் லுஹர் வக்து புகுந்துவிட்டது. எனவே எண்களை நகர்த்திக் கைக்கடிகாரத்தோடு ஒட்டவைப்பதை நாம் விரும்பவில்லை. உச்சி அடியிலேயே இருக்கட்டும். எந்த மாதம் எத்தனை நிமிடம் கூட்டுவது என்று பக்கத்தில் தமிழிலும் மலாயிலும் ஒரு பலகை வைத்தால் போதும்.

பீடத்தின் தரையில் இன்னொரு கோடும் பதிக்கலாம், செலவு அதிகமில்லை. மே 28-ல் நம் நேரம் மாலை 5.18-க்கும், ஜூலை 16-ல் 5.27-க்கும் சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நிமிடத்தில் செங்குத்தான கம்பின் நிழலைக் குறித்து, நிழலின் நுனியிலிருந்து கம்பை நோக்கினால் அதுவே கிப்லா. மே மாதத்தில் மூட்டம் மறைத்துவிட்டால் மறுநாள் அதே நேரத்தில் பார்க்கலாம். வித்தியாசம் மிகச் சொற்பம். அன்றும் மழையானால் ஜூலை இருக்கிறது.