தலைமாட்டில் அமர்ந்திருந்த இருவர்



மனிதன் தன் அடையாளத்தைத் தானே தேர்ந்தெடுத்ததாக நினைக்கிறான். ஆனால் அவன் பேச்சு, பழக்கம், எதற்கு வெட்கப்படுகிறான், எதில் பெருமைப்படுகிறான் என்பதையெல்லாம் பெரும்பாலும் அவனைச் சுற்றியிருப்பவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். இது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு சீராவில் ஒரு நிகழ்வைப் பாருங்கள்.

நபித்துவத்தின் 10-ஆம் ஆண்டு. அபூதாலிப் மரணப் படுக்கையில் இருக்கிறார். 8 வயதில் பாட்டனாரையும் இழந்து நின்ற நபி (ஸல்) அவர்களை எடுத்து வளர்த்தவர் அவர். குறைஷிகள் ஊர்விலக்கம் செய்தபோது அந்தக் கஷ்டத்தையும் கூடவே இருந்து அனுபவித்தவர். நபியவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நபி (ஸல்) அவர்கள் வந்து, கலிமாவை மட்டும் சொல்லிவிடுங்கள், அதை வைத்து அல்லாஹ்விடம் உங்களுக்காக வாதாடுவேன் என்று கேட்டார்கள். ஆனால் அங்கே ஏற்கெனவே இருவர் இருந்தார்கள். ஒருவன் அபூஜஹ்ல். மற்றவர் அப்துல்லாஹ் இப்னு அபீ உமய்யா. அப்துல் முத்தலிபின் மார்க்கத்தையா விடப் போகிறீர் என்று அவர்கள் கேட்டார்கள். நபியவர்கள் மீண்டும் மீண்டும் சொல்ல, இவர்களும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அப்துல் முத்தலிபின் மார்க்கத்தில்தான் இருக்கிறேன் என்பதே அபூதாலிபின் கடைசிப் பேச்சாக ஆனது. புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது. குறைஷிகள் பழிப்பார்களே என்று அவர் தயங்கியதாகவும் முஸ்லிமின் மற்றோர் அறிவிப்பில் வருகிறது.

கவனியுங்கள்! அந்த இருவரும் எந்த ஆதாரத்தையும் கொண்டுவரவில்லை. பாட்டன் பெயரைச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஹிதாயத் அல்லாஹ்வின் கையில் உள்ளது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் தலைமாட்டில் யார் அமர்ந்திருக்கிறார் என்பது சாதாரண விஷயமல்ல.

அந்த இருவரில் அபூஜஹ்ல் பத்ரில் கொல்லப்பட்டான். அப்துல்லாஹ்வோ ஹிஜ்ரி 8-ல், மக்கா வெற்றிக்கு முன், இஸ்லாத்தை ஏற்க நபியவர்களைத் தேடி வந்தார். பழைய வேதனைகளால் நபியவர்கள் முதலில் அவரைச் சந்திக்க விரும்பவில்லை. அவருடைய சகோதரியான அன்னை உம்மு ஸலமா (ரலி) அவருக்காகப் பரிந்து பேசினார்கள். அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டார். அதே ஆண்டு தாயிஃபில் ஷஹீதானார். ஒருவரை நன்மையிலிருந்து தடுக்கப் பேசியவருக்கு, நன்மைக்காகப் பேச ஒருவர் கிடைத்தார்!

நம் நிலையைப் பார்ப்போம். மஹர் கொடுப்பது மாப்பிள்ளையின் கடமை என்பது தெரியாதவர் நம்மில் யார்? வரதட்சணை வேண்டாம் என்று நினைக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் சம்பந்தம் பேச உட்கார்ந்ததும் ஒருவர் சொல்வார்: "நம்ம குடும்ப வழக்கத்தை விட்டுடப் போறியா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" அன்று அபூதாலிபின் தலைமாட்டில் கேட்கப்பட்டதும் இதே மாதிரியான கேள்விதான். அந்த ஒரு வார்த்தையில் பையன் வாயடைத்துப் போகிறான். பெண்ணைப் பெற்றவர் வட்டிக் கடைக்குப் போகிறார்.

99 பேரைக் கொன்று, பின்னர் நூறாவது கொலையும் செய்தவரைப் பற்றிய ஹதீஸை நாம் அறிவோம். தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது என்று சொன்ன ஆலிம் அத்தோடு நிறுத்தவில்லை. உன் ஊர் கெட்ட ஊர், அங்கே திரும்பாதே, அல்லாஹ்வை வணங்கும் மக்கள் உள்ள ஊருக்குப் போ என்றும் சொன்னார். மனம் மாறினால் மட்டும் போதாது, சகவாசமும் மாற வேண்டும்.

ஆகவே, சகோதரர்களே! பிள்ளையின் மார்க்குகளை விசாரிப்பதோடு அவன் கூட்டாளிகளையும் விசாரியுங்கள். அவர்களை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள், பழகிப் பாருங்கள். அவனைத் தொழுகைக்குப் போ என்று அனுப்பாமல் கூடவே அழைத்து வாருங்கள், பள்ளிவாசலிலும் அவனுக்கு நண்பர்கள் கிடைக்கட்டும். அடுத்த நிக்காஹ் பேச்சில் ஒருவராவது, "பையன் சொல்றது சரிதான், நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்கள். நம் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று கவலைப்படும் நாம், அடுத்தவர் பக்கத்தில் யாராக இருக்கிறோம் என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

நல்லோரின் சகவாசத்தை அல்லாஹ் நமக்குத் தருவானாக! நம்மையும் பிறருக்கு நல்ல சகவாசமாக ஆக்குவானாக! கடைசி நேரத்தில் கலிமாவை நினைவூட்டுபவர்களை நம் தலைமாட்டில் அமரச் செய்வானாக! ஆமீன்.