பழைய கட்டிலும் பானைத் தட்டும்

சட்டம் முறிந்த தேக்குக் கட்டிலை அடுப்பிலிடுவது நஷ்டமாகும். அதன் மரம் பல்லாண்டு உலர்ந்தது, எளிதிற் கோணாது. அதைக்கொண்டு தானியப் பானைகளுக்குத் தட்டு அமைக்கலாம்.

முதலில் மரத்தைச் சோதித்தல் அவசியம். துளைகளினின்று மாவு உதிரும் மரத்தை விலக்க வேண்டும். இன்றேல் வீட்டின் உத்தரமும் கெடக்கூடும். ஆணிகளைக் குறட்டாற் பிடுங்குதல் நலம். ஆணி குத்தினால் இரணஜன்னி நேரலாம். உடனே வைத்தியசாலை சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆதலால் நனைத்தே சுரண்டி, துகளைக் குழந்தைகளுக்கு எட்டாமல் அகற்ற வேண்டும்.

மண்சுவரில் திருகாணி நில்லாது. ஆகவே கட்டிற்கால்களையே தூணாக நிறுத்தி, மேலே பலகைகளை முடுக்குதல் உசிதம். சுண்ணாம்புக்கல் மிகுந்த கல்லங்குறிச்சியில் காலுக்கொரு தட்டைக்கல் அடியில் வைத்தால், மரத்தில் ஈரம் ஏறாது. கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். பானைகளை ஏற்றுமுன் இரு கைகளாலும் அழுத்திப் பார்த்தல் வேண்டும்.