எந்த ஊருக்கு அணி? யார் கையில் முடிவு?

கேள்வி: 2025 ஜூனில் டி.வி.யில் ரக்பி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ‘ஹைதராபாத் ஹீரோஸ்’ என்று ஓர் அணி. முப்பது வருஷமாக இங்கே குடியிருக்கிறேன், இந்த ஊரில் ரக்பி ஆடி நான் பார்த்ததே இல்லை. இந்த அணி எங்கிருந்து முளைத்தது? ஒரு லீக்கில் எந்த ஊருக்கு இடம் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது?
— ஒரு வாசகர், செகந்திராபாத்

பதில்: நீங்கள் பார்த்தது ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் சீசன். ரக்பி இந்தியா அமைப்பும் ஜி.எம்.ஆர். ஸ்போர்ட்ஸும் சேர்ந்து நடத்தியது. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ரக்பி. சென்னை, பெங்களூரு, டெல்லி, ஹைதராபாத், மும்பை, கலிங்கா என்று ஆறு அணிகள். ஜூன் 15 முதல் 29 வரை எல்லா ஆட்டமும் மும்பை அந்தேரி விளையாட்டு வளாகத்திலேயே நடந்தன. இறுதி ஆட்டத்தில் சென்னை புல்ஸ் டெல்லியை 41-0 என்று அடித்துத் துவைத்துக் கோப்பையை எடுத்தது.

ஹைதராபாத் ஹீரோஸ் அந்த சீசனில் தன் பெயரில் இருக்கும் ஊரில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. நீங்கள் அந்த அணியைக் கண்ணால் கண்டதில்லை என்றால் அது உங்கள் குற்றமல்ல. சாதாரணமாக ஒரு கிளப் எப்படிப் பிறக்கும்? ஒரு மைதானம், நாலு பையன்கள், ஒரு பந்து, சாயங்காலம் வேடிக்கை பார்க்க வரும் பத்துப் பேர். பிறகு பெயர், பிறகு போட்டி. இங்கே எல்லாம் தலைகீழ். முதலில் லீக், பிறகு அதில் ஓர் இடத்துக்கு விலை, அந்த இடத்துக்கு ஒரு முதலாளி, ஒட்டிக்கொள்ள ஓர் ஊரின் பெயர், கடைசியாக வீரர்கள்.

இதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1876 பிப்ரவரியில் சிகாகோ பேஸ்பால் கிளப்பை நடத்திய வில்லியம் ஹல்பர்ட் நியூயார்க்கில் ஓர் ஓட்டலில் மற்ற கிளப்காரர்களைக் கூட்டி நேஷனல் லீக்கைத் தொடங்கினார். சேர்ந்தவை எட்டு கிளப்கள். ஊரில் குறைந்தது 75,000 பேர் இருக்க வேண்டும், ஓர் ஊருக்கு ஒரே கிளப், மற்றவர் அந்த எல்லைக்குள் வரக்கூடாது என்று விதி போட்டார்கள். ஊரை ஒருவருக்குப் பட்டா போட்டுக் கொடுப்பது அன்று தொடங்கியது. அந்த முதல் சீசனின் கடைசியில் நியூயார்க், பிலடெல்பியா கிளப்கள் இரண்டும் மேற்கே போய் மீதி ஆட்டங்களை ஆட மறுத்தன. செலவுக்குக் கட்டாது என்று நினைத்தார்கள். லீக்கிலேயே ஜனத்தொகை அதிகமான இரண்டு ஊர்கள் அவை. இரண்டையும் தூக்கி வெளியே போட்டார் ஹல்பர்ட். லீக்கின் வார்த்தையே கடைசி வார்த்தை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. ஆஸ்டன் வில்லா கிளப்பின் வில்லியம் மெக்ரெகர், துணிக்கடைக்காரர், 1888 மார்ச் 2-ஆம் தேதி சில கால்பந்து கிளப்களுக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் பன்னிரண்டு கிளப்களின் ஃபுட்பால் லீக். ஏன் பன்னிரண்டு? கைவசம் கிடைத்த ஆட்ட நாட்கள் 22, அவ்வளவுதான். ஆக முதல் தேர்வு அங்கேயும் அழைப்பின்பேரில்தான் நடந்தது. ஆனால் கடைசி நான்கு இடங்களில் வந்த கிளப்கள் ஒவ்வொரு வருஷமும் மற்றவர்களிடம் ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டும் என்று வைத்தார்கள். பத்து வருஷத்தில், 1898-ல், கீழ்ப் பிரிவில் ஜெயித்தவன் மேலே ஏறுவான், மேலே தோற்றவன் கீழே இறங்குவான் என்ற ஏணி வந்துவிட்டது. சின்ன ஊர்க் கிளப்புக்கும் அந்த ஏணியில் கால் வைக்க முடிந்தது.

ஐ.பி.எல். முதல் ரக்பி வரை நம் நாட்டின் பெரிய லீக்குகள் பிடித்துக்கொண்டது அமெரிக்க வழியை.

கேள்வி: டெக்கான் சார்ஜர்ஸ்தானே பெயர் மாற்றி சன்ரைசர்ஸ் ஆனது? என் மகன் இல்லவே இல்லை என்று சண்டைக்கு வருகிறான்.
— ஒரு வாசகி, தார்நாகா

பதில்: மகன் சொல்வது சரி. ஆனால் உங்களுக்கு ஒரே அணி போலத் தோன்றியதிலும் நியாயம் இருக்கிறது.

2008 ஜனவரி 24 அன்று ஐ.பி.எல்.லின் எட்டு இடங்கள் விற்கப்பட்டன. ஓர் இடத்துக்கு அடிப்படை விலை 5 கோடி டாலர். மும்பை 11.19 கோடி டாலருக்குப் போனது. சென்னையை இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடிக்கு எடுத்தது. ஹைதராபாதை டெக்கான் கிரானிக்கிள் பத்திரிகை நிறுவனம் 10.7 கோடிக்கு எடுத்தது, சென்னையைவிட அதிகம். பணத்தைப் பத்து வருஷத் தவணையில் கட்டலாம். முதல் வருஷம் ஹைதராபாத் கடைசி இடம். அடுத்த வருஷம், 2009-ல், தென்னாப்பிரிக்காவில் ஆடம் கில்கிறிஸ்ட் தலைமையில் கோப்பை.

மூன்று வருஷத்தில் உரிமையாளர் நிறுவனம் கடனில் மூழ்கியது. 2012 செப்டம்பரில் அணியை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். வந்தது ஒரே ஒரு ஏலக் கேட்பு, 900 கோடி ரூபாய்க்கு. நிறுவனம் அதை ஏற்கவில்லை. மறுநாளே கிரிக்கெட் வாரியம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. வழக்கு மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 100 கோடி ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கேட்டார்கள், கொடுக்க முடியவில்லை. அதோடு சார்ஜர்ஸ் கதை முடிந்தது. (ரத்து செய்தது தவறு என்று 2020-ல் ஒரு நடுவர் சுமார் 4,800 கோடி ரூபாய் தரச் சொன்னார். அடுத்த வருஷமே உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது.)

வாரியம் புதிதாக டெண்டர் விட்டது. அக்டோபர் 25 அன்று கவர்களைப் பிரித்தார்கள். உள்ளே இரண்டு எண்கள். பி.வி.பி. நிறுவனம் வருஷத்துக்கு 69.03 கோடி ரூபாய். சென்னையின் சன் டி.வி. குழுமம் வருஷத்துக்கு 85.05 கோடி. ஹைதராபாத் அணி யாருடையது என்பதை அந்த 16 கோடி வித்தியாசம் முடிவு செய்தது.

புது அணிக்கு வந்தவர்களில் பலர் பழைய ஆட்கள்தான். 2012-ல் சார்ஜர்ஸ் கேப்டன் குமார் சங்ககாரா, 2013-ல் சன்ரைசர்ஸ் கேப்டனும் அவர்தான். டேல் ஸ்டெய்ன் அதே ஓட்டத்தில் ஓடி வந்து அதே உப்பல் மைதானத்தில் பந்து போட்டார். கேலரியில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு எதுவுமே மாறியிருக்காது, சட்டை நிறத்தைத் தவிர. ஆனால் காகிதத்தில் இது வேறு அணி. 2016-ல் டேவிட் வார்னர் தலைமையில் வாங்கிய கோப்பைதான் சன்ரைசர்ஸின் முதல் கோப்பை. 2009 கோப்பைக்கு இன்று வாரிசு கிடையாது. ஹைதராபாத்காரர்கள் ராத்திரி கண்விழித்து ஆடிப் பாடிய ஒரு வெற்றி, எந்த அணியின் கணக்கிலும் சேராமல் நிற்கிறது. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

கேள்வி: ஹைதராபாத் எஃப்.சி. கால்பந்து அணி டெல்லிக்குப் போய்விட்டதாமே. ஐ.எஸ்.எல். கோப்பையே வாங்கிய அணியை இப்படி மூட்டை கட்டி அனுப்ப முடியுமா?
— ஒரு வாசகர், கச்சிபௌலி

பதில்: முடிந்திருக்கிறது. முதலில், அந்த அணி உங்கள் ஊருக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். 2014-ல் ஐ.எஸ்.எல். எட்டு ஊர்களோடு தொடங்கியபோது ஹைதராபாத் அதில் இல்லை, புனே இருந்தது. புனே அணி பணமில்லாமல் நொடித்தபோது அந்த இடம் 2019 ஆகஸ்டில் ஹைதராபாதுக்கு மாறியது. அதே மாதம் டெல்லி டைனமோஸ் அணி புவனேஸ்வர் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. அன்று அணியை இழந்த டெல்லிக்கு 2025-ல் உங்கள் அணி போனது, ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்ற பெயரில்.

நடுவில் 2022 மார்ச் 20 என்று ஒரு நாள் இருக்கிறது. கோவா ஃபதோர்டா மைதானம், எதிரில் கேரளா பிளாஸ்டர்ஸ். மைதானம் முழுக்க மஞ்சள் சட்டை. கேரளா ஒரு கோல் முன்னே. 88-ஆவது நிமிஷம் மாற்று வீரராக வந்திருந்த சாஹில் தவோரா, துள்ளி வந்த பந்தைத் தரையில் விழ விடாமல் தூரத்திலிருந்தே உதைத்தார். வலைக்குள் போனது. பெனால்டியில் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுத்தார். 3-1. கோவாக்காரரான கட்டிமணி தன் மண்ணிலேயே ஹைதராபாதுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

இரண்டே வருஷத்தில் சம்பளப் பாக்கி, ஃபிஃபா தடை, வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேற்றம். 2023-24 சீசனில் பெரும்பாலும் இளம் இந்தியப் பையன்களை வைத்து ஆடி ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துக் கடைசி இடம். ஐ.எஸ்.எல்.லில் அப்போது கீழே இறக்கும் முறை இல்லாததால் இடம் பறிபோகவில்லை. ஏணி இருந்திருந்தால் அணி ஒரு பிரிவு கீழே போயிருக்கும். ஆனால் ஊரிலேயே இருந்திருக்கும். ஏணி இல்லாத லீக்கில் தோல்வி உங்கள் அணியை எடுத்துக்கொண்டு போகாது. உரிமம் வைத்திருப்பவர் எடுத்துக்கொண்டு போகலாம்.

எனக்கு வலிப்பது ஊரின் பழங்கதையால். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதன் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம்தான் இந்திய அணியையும் பயிற்றுவித்து 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அந்த ஒலிம்பிக் அணியில் ஆடிய துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் பிறந்தவர். போலீஸ் அணி எந்த ஏலத்திலும் வாங்கிய பெயர் அல்ல. அந்த ஊர் போலீஸ்காரர்கள் ஆடினார்கள், ஊர் அவர்களைத் தன் அணி என்றது. ரோவர்ஸ், டுராண்ட் போட்டிகள் ஆட்டத்தைப் பார்த்து அழைப்பு அனுப்பின.

கால்பந்தில் பின்னால் ஒரு பாதி ஏணி வந்தது. அடுத்த பிரிவான ஐ-லீக்கின் சாம்பியன் மேலே ஏறலாம் என்று ஆனது. 2023-ல் பஞ்சாப் எஃப்.சி., 2024-ல் கொல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் அப்படித்தான் ஐ.எஸ்.எல்.லுக்கு வந்தன. ஹைதராபாதில் ஆடும் ஸ்ரீநிதி டெக்கான் என்ற கிளப்பும் ஐ-லீக்கில் ஆடி வந்திருக்கிறது. அடுத்த தடவை அந்த ஆட்டத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

கேள்வி: ரக்பி லீக் ஆட்டத்தில் ஜெயித்தாலும் மார்க் போட்டுத்தான் அணி எடுப்பார்களாமே, பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி? வெளியே தள்ளப்பட்ட கிளப் எதுவும் திரும்பி வந்ததுண்டா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: ரக்பியில் இரண்டு சாதி உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு ஊர் ஜார்ஜ் ஓட்டலில் வட பகுதிக் கிளப்கள் கூடித் தனியாகப் பிரிந்தன. சண்டை கூலிக்காக. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைப்பவன் சனிக்கிழமை ஆட வந்தால் அரைநாள் கூலி போகிறது, அதை ஈடுகட்ட வேண்டும் என்றார்கள். தெற்கத்தி கனவான்கள் ஒப்பவில்லை. பிரிந்தவர்கள் ஆட்டம்தான் ரக்பி லீக். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர்.

நீங்கள் கேள்விப்பட்டது சரி. இங்கிலாந்தின் சூப்பர் லீக்கில் 2025 முதல் ஒவ்வொரு கிளப்புக்கும் 20-க்கு மார்க். ரசிகர் பலத்துக்கு 5, ஆட்டத்துக்கு 5, பணநிலைக்கு 4.5, மைதானத்துக்கு 3, சுற்றுவட்டாரத்துக்கு 2.5. பதினைந்து வாங்கினால் ஏ கிரேடு, இடம் உறுதி. ஆட்டத்துக்கு இருபதில் ஐந்துதான் என்பதைக் கவனியுங்கள். லண்டன் பிராங்கோஸ் 2023-ல் கடைசி ஆட்டம்வரை போராடி ஜெயித்து மேலே ஏறியது. ஆனால் மாதிரி மதிப்பீட்டில் அதற்கு 24-ஆம் இடம்; ஒரே வருஷத்தில் வெளியே. பணத்தையும் மைதானத்தையும் பார்ப்பது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஹைதராபாதின் இரண்டு அணிகளும் விழுந்தது பணத்தால்தான். முன்கூட்டியே கணக்குப் பார்த்திருந்தால் வீரர்கள் சம்பளத்துக்கு அலைந்திருக்க மாட்டார்கள். ஜெயித்து ஏறியவனை மார்க்கைக் காட்டி இறக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

திரும்பி வந்த கிளப் உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னியின் சவுத் சிட்னி ராபிட்டோஸ், 1908-ல் பிறந்தது, அப்போது பட்டங்கள் இருபது. இரண்டு லீக்குகள் ஒன்றாகி அணிகளை 14-ஆகக் குறைத்தபோது கூட்டம், வசூல், லாபம், விளம்பரதாரர் எல்லாம் எண்ணி 1999-ல் அதை வெட்டிவிட்டார்கள். பக்கத்துக் கிளப்போடு சேர்ந்துகொள்ளவும் அது இசையவில்லை. பழைய வீரர் ஜார்ஜ் பிக்கின்ஸ் தலைமையில் கோர்ட்டுக்குப் போனார்கள். 2000 நவம்பரில் சுமார் 80,000 பேர் சிவப்பும் பச்சையும் உடுத்தி சிட்னி வீதியில் ஊர்வலம் போனார்கள். 2001 ஜூலையில் மேல்முறையீட்டில் கிளப் ஜெயித்தது, 2002-ல் களத்துக்கு வந்தது. பின்னால் 2003-ல் உச்ச நீதிமன்றம் லீக் பக்கமே சட்டம் இருப்பதாகச் சொன்னது. அதற்குள் அணி ஆடிக்கொண்டிருந்தது. யாரும் மறுபடி கை வைக்கவில்லை. 2006-ல் நடிகர் ரஸ்ஸல் குரோவும் கூட்டாளியும் 75 சதவீதம் வாங்கியபோதுகூட, உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் சம்மதித்தார்கள். மீதி 25 சதவீதம் உறுப்பினர்களிடமே இருந்தது.

2014 அக்டோபர் 5, இறுதி ஆட்டம். முதல் மோதலிலேயே சவுத் சிட்னி வீரர் சாம் பர்ஜஸின் கன்ன எலும்பு முறிந்தது. வீங்கிய முகத்தோடு எண்பது நிமிஷமும் ஆடினார். 30-6. சவுத் சிட்னி 43 வருஷம் கழித்து மறுபடி சாம்பியன்.