நம்ம தோட்டத்துத் திருவிழா: எல்லா வயசுக்கும் ஒரு வேலை



மாசி பிறந்துவிட்டால் மலைநாட்டில் எந்தப் பக்கம் போனாலும் தப்புச் சத்தம்தான். ஒரு டிவிஷனில் காமன் கூத்து, இன்னொரு டிவிஷனில் அம்மனுக்குக் காப்புக்கட்டு, அதற்கடுத்து கரகம், பால்குடம், தேர். கொழும்பில் கடையிலும் கார்மெண்ட்ஸிலும் வேலை செய்யும் பிள்ளைகள் வேறு நாளுக்கு வராவிட்டாலும் திருவிழாவுக்கு வந்துவிடுவார்கள். அது நல்ல விசயம்தான்.

ஆனால் மஞ்சள் நீராட்டு முடிந்து ஒரு வாரம் போன பிறகு லயத்தில் என்ன பேச்சு கேட்கிறது? "வரவு செலவு எங்கே?" என்று ஒருவர் கேட்கிறார். "தோடு அடகுக்குப் போச்சு" என்கிறார் ஒரு அம்மா. "புள்ளைக்கு மூணு நாளா வயித்தால போகுது" என்கிறார் இன்னொருவர். "அடுத்த வருசம் காமன் பாட்டுப் பாட ஆளே இல்ல" என்று பெரியவர் ஒருவர் கவலைப்படுகிறார். இந்த நாலு பேச்சுக்கும் ஒரே காரணம்தான். திருவிழாவை அஞ்சாறு பேர் தூக்கிச் சுமக்கிறார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆகவே திருவிழாவுக்கு முன்பே ஒரு நாள் கோயில் முகாம் வைத்து, எல்லா வயதினருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பது எப்படி என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. கோயிலை யார் உண்டாக்கினார்கள்?

கோப்பிக் காலத்தில் நம் முன்னோர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் இறந்தவர்கள் ஏராளம். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலும் முதலில் ஒரு மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட அம்மன்தான். 1874இல் அங்கே கோயில் கட்டப்பட்டது. இன்று 108 அடி இராஜகோபுரமும், மாசி மகத்துக்கு ஐந்து தேரும் உள்ள கோயிலாக அது விளங்குகிறது. 2023இல் மலையக மக்களின் 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றதும் அந்தப் பழைய வழியை நினைத்துத்தான்.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட பிறகு தேயிலைத் தோட்டங்கள் பெருகின. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கல்லோ ஒரு சூலமோ நட்டு மாரியம்மனைக் கும்பிட்டார்கள். வேலை முடிந்து வந்து மண் சுமந்தவர்கள், கல் உடைத்தவர்கள், சல்லி சேர்த்தவர்கள் எல்லாரும் தொழிலாளர்களே. ஒரு வீட்டுக்காரர் மட்டும் கட்டிய கோயில் நம் தோட்டங்களில் அபூர்வம். எல்லாரும் சேர்ந்து கட்டிய கோயிலுக்கு எல்லாரும் சேர்ந்து திருவிழா எடுப்பதுதான் முறை.

2. முகாம் என்றால் என்ன?

முகாம் என்றதும் டொக்டர் வந்து கண் பார்ப்பது என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு நாள் முழுவதும் ஓரிடத்தில் கூடி, கற்று, வேலை செய்து, சேர்ந்து சாப்பிட்டுப் போவதும் முகாம்தான். காப்புக் கட்டுவதற்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமையோ போயா நாளோ இதற்குப் பொருத்தம். நாளை இப்படிப் பிரிக்கலாம்:

காலையில் சிரமதானம். கோயில் முற்றம், பாதை, கான், தண்ணீர்த் தொட்டி, மலசலகூடம் எல்லாவற்றையும் சுத்தம் செய்வது.

முற்பகலில் படிப்பு. அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தேவாரமும் கதையும். இளைஞர்களுக்குத் தப்பும் கூத்துப் பாட்டும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சீனியும் பார்ப்பது. இதற்குத் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பொதுக்கூட்டம். வேலைப் பங்கீடும் செலவுத் திட்டமும் அங்கே, எல்லார் முன்னாலும் முடிவாக வேண்டும். இரவில் நாலு பேர் ஒரு காம்பராவில் கூடி எடுக்கும் முடிவுதான் பின்னால் சண்டையாகிறது.

3. யாருக்கு என்ன வேலை?

சின்னப் பிள்ளைகள்: கோலம், தோரணம், கோலாட்டம். கூட்டத்தில் காணாமல் போகாதபடி சட்டைப் பையில் பெயரும் லய இலக்கமும் எழுதிய ஒரு துண்டு வையுங்கள்.

பாடசாலைப் பிள்ளைகள்: கணக்குப் பலகை எழுதுவது, தண்ணீர்ப் பந்தல், பெரியவர்களிடம் கோயில் வரலாற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுவது. கோயில் எந்த வருசம் கட்டியது, முதல் பூசாரி யார், சிலை எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பெரியவர் போய்விட்டால் அந்தக் கதையும் போய்விடும்.

இளைஞர்கள்: பந்தல், தேர்ப் பாதை, வாகன ஒழுங்கு, ஒலிபெருக்கி. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் போனில் சொல்லி ஒரு பொறுப்புக் கொடுங்கள். சல்லி அனுப்புவதோடு அவர்கள் பங்கு முடியக்கூடாது.

பெண்கள்: கொழுந்து எடுத்துச் சம்பாதிப்பது பெரும்பாலும் பெண்கள். பல தோட்டங்களில் கோயில் சந்தா பிடிபடுவதும் அவர்கள் பேரில். சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அவர்களே. ஆனால் கோயில் கமிட்டியில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சந்தா கொடுப்பவருக்குச் செலவைத் தீர்மானிக்கும் உரிமையும் உண்டு. ஆகவே கமிட்டியில் பெண்கள் இருக்க வேண்டும், கையெழுத்துப் போடும் இடத்திலும் இருக்க வேண்டும்.

வயசாளிகள்: ஓய்வு பெற்றவர்கள் முன் வரிசையில் நாற்காலியில் உட்கார மட்டுமா? இல்லை. பாட்டு, சடங்கு முறை, பந்தல் கட்டும் முறை எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களை வாத்தியாராக ஆக்குங்கள். நடக்க முடியாதவர்களின் லயத்து வாசல் வழியாக சாமி வருகிறதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள்.

தப்பு அடிப்பவர்கள்: ஒரு காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பியது தப்பு. கலியாணம், சாவு, கூத்து எல்லாவற்றுக்கும் அதுதான் முன்னால் போகிறது. அடிக்கிற கை வேண்டும், ஆனால் அந்த ஆள் கோயில் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற பழக்கம் எங்காவது இருந்தால், முகாம் நாளிலேயே அதை நிறுத்துங்கள். பந்தியில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் அது அம்மன் பந்தி.

4. காமன் கூத்தை யார் கற்பது?

மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமன் தகனம் வரை நடப்பது காமன் கூத்து. சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரித்த கதையும், ரதியின் புலம்பலும் நாம் அறிந்ததே. ரதி, மதன், எமன், வீரபத்திரன், குறவன் குறத்தி என்று பல வேடங்கள். இவ்வளவையும் புத்தகம் பார்த்துப் படித்தவர் குறைவு. வாயால் கேட்டு, காலால் ஆடிப் பழகியது.

அதனால்தான் சொல்லுகிறோம்: கூத்து வாத்தியார் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு இளம் ஆளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். இந்த வருசம் பின்பாட்டு, அடுத்த வருசம் ஒரு இரவு ஆட்டம், மூன்றாம் வருசம் முழு வேடம் என்று ஏறட்டும். கையில் போன் இருக்கும் பிள்ளைகள் பாட்டைப் பதிவு செய்து வைக்கலாம். ஆனால் பதிவு மட்டும் போதாது. போனில் இருக்கிற பாட்டுக்கு ஆட ஆள் வேண்டுமே!

5. கணக்கு

உதாரணத்துக்கு 120 குடும்பம், ஆளுக்கு 1,000 ரூபா என்றால் 120,000 ரூபா. இதற்குள் எதைச் செய்யலாம் என்று முதலில் பட்டியல் போடுங்கள். பூசை, அன்னதானம், பந்தல், வெளிச்சம் முதலில். பட்டாசும் வெளியூர் இசைக்குழுவும் கடைசியில். பக்கத்துத் தோட்டத்தைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற போட்டியில்தான் கடன் வருகிறது.

கடன் எப்படி வளரும் என்று பாருங்கள். புதுத்துணிக்கும் விருந்துக்கும் 10,000 ரூபா, மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு எடுத்தால் மாதம் 1,000 ரூபா வட்டி. பத்து மாதத்தில் கட்டிய வட்டியே 10,000. முதல் அப்படியே நிற்கும், அடுத்த திருவிழாவும் வந்து நிற்கும். இதற்குப் பதில் மாதம் 800 ரூபா சீட்டாகவோ சேமிப்பாகவோ போட்டால் வருச முடிவில் 9,600 ரூபா கையில் இருக்கும்.

கோயில் சல்லிக்கு நாலு கட்டளை: எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு, வங்கியில் கோயில் பேரில் கணக்கு, மூன்று பேரில் இருவர் கையெழுத்து, திருவிழா முடிந்து இரண்டு வாரத்துக்குள் வரவு செலவைக் கொழுந்து மடுவத்திலும் கோயிலிலும் ஒட்டுவது. கஷ்டப்பட்ட குடும்பத்துக்குச் சந்தாவைக் குறைக்கவும், அதை வெளியே சொல்லாமல் வைக்கவும் கமிட்டிக்குப் பெரிய மனது வேண்டும்.

6. சாப்பாடு, தண்ணீர், நெருப்பு

மாரியம்மனை மழைக்காகவும் நோய் நொடி வராமலிருக்கவும் கும்பிடுகிறோம். அவள் திருவிழாவிலேயே நோய் பரவினால் எப்படி? பீலித் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடிக்கக் கொடுங்கள். மோர், சர்பத்துக்கும் அதே தண்ணீர்தான். சமைப்பவரும் பரிமாறுபவரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். வயிற்றோட்டம் உள்ளவர் அன்று சமையல் பக்கம் வரக்கூடாது. ஆக்கிய சோறு கறியை இரண்டு மணித்தியாலத்துக்குள் பரிமாறி முடியுங்கள். பிள்ளைக்கு வயிற்றால் போனால், கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு ஜீவனி பக்கெட் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். பிள்ளை சோர்ந்து விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

தீமிதிக்கும் காமன் தகனத்துக்கும் பக்கத்தில் தண்ணீர் வாளிகள் இருக்கட்டும். சுட்டுவிட்டால் இருபது நிமிசம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், சாம்பல் எதுவும் பூச வேண்டாம்.

2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆகவே பொலிஸ் அனுமதியை நேரத்தோடு எடுங்கள். கசிப்பும் சாராயமும் கோயில் எல்லைக்குள் வரக்கூடாது என்பதை முகாம் கூட்டத்திலேயே எல்லாரும் கையுயர்த்தி முடிவு செய்யுங்கள். தலைவர் ஒருவர் சொன்னால் பகை வரும். ஊரே சொன்னால் அது கட்டுப்பாடு.

கூடிப் பேசுவதற்குக் கேள்விகள்

1. போன திருவிழாவில் நம்ம வீட்டில் யார் யார் வேலை செய்தார்கள், யார் சும்மா இருந்தார்கள்? ஏன்?

2. நம்ம கோயில் கதையை முழுதாகச் சொல்லக்கூடியவர் இன்று எத்தனை பேர்?

3. திருவிழாக் கடன் எத்தனை மாதம் கட்டினோம்?

4. கமிட்டியில் இரண்டு பெண்களையும் ஒரு இளைஞரையும் சேர்க்க இந்த வருசம் என்ன தடை?

இந்தக் கேள்விகளை மாதர் சங்கத்திலும், இளைஞர் கழகத்திலும், அறநெறி வகுப்பிலும் வாசித்துப் பேசுங்கள். எல்லாவற்றையும் ஒரே வருசத்தில் செய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை. முகாமுக்கு ஒரு நாளைக் குறித்து, கணக்கை ஒட்டுவதற்கு ஒரு பலகையைச் செய்து, பாட்டுக் கற்க ஒரு பிள்ளையைப் பெரியவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்த மூன்றும் இந்த மாசிக்கே முடியும்.