அந்த நான்கு பக்கங்கள்

அன்புள்ள மகளுக்கு,

மிஷனரி கால்டுவெல் பற்றிய உன் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஆய்வுமுறை, சான்று காட்டும் ஒழுங்கு பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கருத்தரங்கில் எழுந்த கேள்விக்கு நீ எழுதியிருக்கும் பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

கேள்வி எழுப்பியவர் கேட்டது என்ன? 1849-இல் கால்டுவெல் வெளியிட்ட நூல் திருநெல்வேலி நாடார்களை அறிவில் குறைந்தவர்களாகக் காட்டியது. ஒரு கிறிஸ்தவர் அதை நேர்மையாக ஆராய முடியுமா என்று கேட்டார். நீயோ 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கத்தில் தொடங்கினாய். தரங்கம்பாடியில் சீகன்பால்கு, வீரமாமுனிவரின் சதுரகராதி, கால்டுவெல்லின் 1856 ஒப்பிலக்கணம், 1886-இல் போப்பின் குறள் மொழிபெயர்ப்பு என்று நான்கு பக்கம். அத்தனையும் உண்மை. ஒன்றுகூட அவருக்குப் பதில் இல்லை. வாங்கிய கடனைக் கேட்டு வந்தவரிடம் தாத்தா செய்த தானதர்மங்களை வாசித்துக் காட்டியிருக்கிறாய்.

இந்தத் தொண்டுப் பட்டியலைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். சபை மலர்களிலும் நூற்றாண்டு விழா மேடைகளிலும் கேட்டுக் கேட்டு, நம் பிள்ளைகள் எந்தக் கேள்விக்கும் அதையே ஒப்பிக்கப் பழகிவிட்டார்கள். போதாததற்கு, 'விசுவாசிகளின் மனம் புண்படுகிறது' என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த நூலால் மனம் புண்பட்டவர்களும் விசுவாசிகள்தானே! அவர்களை எப்படி மறந்தாய்?

சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகத்தைக் கட்டுரை முழுக்கத் தேடினேன், காணோம். நாசரேத்துப் பக்கத்தில் மிஷனில் வேலை பார்த்தவர். மிஷனரிகளின் போக்கும் அந்த நூலும் பொறுக்காமல் பிரிந்துபோய், 1857-இல் பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டார்; சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார். இயேசுவை மட்டும் அவர் விடவில்லை. கருத்தரங்கில் கேட்டவருக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்? தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு எழுதுகிற எவரும் அருமைநாயகத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன், உன்னிடமும் சொல்கிறேன்.

நெருடும் கேள்வியை எதிர்கொள்ள நானும் ஒரு காலத்தில் கற்க வேண்டியிருந்தது. என் நெறியாளர் அழுத்தமான சைவர். நெற்றியில் நீறில்லாமல் அவரைப் பார்த்ததில்லை. கிறிஸ்தவச் சிற்றிலக்கியங்களை ஆராயப்போகிறேன் என்றதும் ஆறுமுக நாவலரின் 'சைவதூஷண பரிகாரம்' நூலைக் கையில் கொடுத்து, படித்துவிட்டு வா என்றார். வேண்டுமென்றே சீண்டுகிறார் என்று உள்ளுக்குள் கொதித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் தணிந்தது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் நாவலர். 1854-இல் மிஷனரிகளுக்கு மறுப்பு எழுதும்போது, சைவக் கோயில் வழிபாட்டுக்கு ஆதரவாகப் பழைய ஏற்பாட்டு ஆலயப் பணிவிடைகளையே எடுத்து நம் முன் வைக்கிறார். லேவியராகமத்தை நான் முதன்முதலாக ஊன்றிப் படித்தது அவருக்குப் பதில் தேடித்தான். நெறியாளர் பிறகு அதைப் பற்றிக் கேட்கவேயில்லை; என் ஆய்வுத் தலைப்புக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

உன் மூன்றாம் பகுதிக்கு வருகிறேன். சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க மிஷனரிகள் முனைந்தபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1829-இல் எதிர்த்து எழுதியதை நீ மறைக்கவில்லை. நம் இசையைக் காக்கும் பரிவும் சாதியைக் காக்கும் பிடிவாதமும் அந்த எழுத்தில் பின்னிக் கிடப்பதை வரிவரியாகக் காட்டியிருக்கிறாய். அவர் பாட்டைப் பாடி வளர்ந்த பெண் இதை எழுத எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! இந்தத் துறையில் இதற்கு இணையான பக்கங்களை நான் படித்ததில்லை. படித்து முடித்துக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். இதை எழுதியவளுக்கு அந்த நான்கு பக்கங்கள் எதற்கு?

நூலாக்கும்போது அவற்றை எடுத்துவிடு. அந்த இடத்தில் 1849 நூல் சொல்வதை மழுப்பாமல் முழுசாகக் கொடு, அதன் பிறகு அருமைநாயகத்தைக் கொண்டுவா. ஒரு சனிக்கிழமை பிரகாசபுரம் போய் ஆராதனையில் உட்கார்ந்துவிட்டு வந்து எழுது. திருத்திய படியை எனக்கு அனுப்ப அவசரமில்லை. கேள்வி கேட்டாரே, அவருக்கு முதலில் அனுப்பு.