மணலில் தொடங்கும் எழுத்து: ஆத்தங்குடி இளங்கலைஞருக்கு ஒரு கடிதம்



மகளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது, வரும் விஜயதசமியன்று பச்சரிசித் தட்டில் 'அ' எழுதவைத்துப் பள்ளியில் விட வேண்டும், அது மரபுக் கல்வி தரும் பள்ளியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். 'குருகுல முறை', 'பாரம்பரியக் கல்வி' என்று பலகை மாட்டியிருக்கும் இடங்களில் எதை நம்புவது என்றும் கேட்டிருந்தீர்கள். இதே கேள்வியோடு இளம் பெற்றோர் பலர் அலைவதால், பதில் எல்லோரும் படிக்கும்படி இங்கே அச்சாகிறது.

நம் பக்கத்தில் சிறு பிள்ளைகளின் மரபுக் கல்வி என்றால் அது திண்ணைப் பள்ளிக்கூடம்தான். முதலில் மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை என்று வரிசையாகப் பாடம், கூடவே எண்சுவடி. எதையும் காது முதலில் வாங்கும். வாய் திருப்பிச் சொல்லும். அதற்குப் பின்தான் கை எழுதும். ஔவையாரின் ஆத்திசூடி 109 சிறு அடிகள் கொண்டது. அடிகள் அகர வரிசையில் ஓடுவதால், பாட்டைச் சொல்லும் பிள்ளைக்கு நெடுங்கணக்கும் சேர்ந்தே படிந்துவிடும். பொருள் பிறகு, வயது ஏற ஏற வந்து சேரும்.

எண்சுவடியை இன்று பலரும் வெறும் வாய்ப்பாடு என்று நினைக்கிறார்கள். அதன் வேலை அதைவிடப் பெரியது. ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. இரண்டு முந்திரி அரைக்காணி, நான்கு முந்திரி காணி, பதினாறு முந்திரி ஒரு மா, இருபது முந்திரி ஒரு மாகாணி. இந்தப் பின்னங்களை ஏழெட்டு வயதுப் பிள்ளை மனத்திலேயே கூட்டிக் கழித்தது. நெல் அளவையும் அப்படித்தான்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய செட்டிநாட்டுக்குக் கணக்குப் பிள்ளைகளை உருவாக்கித் தந்தது இந்த மனக்கணக்கு.

அது செத்துப்போகவில்லை என்பதற்கு உங்கள் தரைக்கல் பட்டறையே சாட்சி. பத்தடிக்குப் பத்தடி அறைக்கு எட்டங்குலக் கல் எத்தனை வேண்டும் என்று வாங்க வந்தவர் கேட்கிறார். பட்டறைப் பெரியவர் பேப்பரைத் தேடுவதில்லை. 'அடிக்கு ஒன்றரைக் கல், பத்தடிக்குப் பதினைந்து, பதினைந்து பதினைந்து இருநூற்று இருபத்தைந்து' என்று சொல்லிக்கொண்டே கரண்டியால் பச்சை வண்ணத்தை அச்சுக்குள் ஊற்றுகிறார். கை ஒரு சொட்டுக்கூடத் தவறுவதில்லை. அந்தக் கணக்கு அவர் காதில் விழுந்தபோது அவருக்கு ஆறேழு வயது இருந்திருக்கும். பள்ளியில் நீங்கள் தேட வேண்டியது இதைத்தான்: பிள்ளையின் காதிலும் வாயிலும் கையிலும் அறுபது வயதுவரை தங்கக்கூடிய ஒன்றை அங்கே வைக்கிறார்களா?

பள்ளி கொடுப்பது தொடக்கம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். மகிபாலன்பட்டியில் 1881-இல் பிறந்த மு. கதிரேசன் செட்டியார் திண்ணைப் பள்ளியில் இருந்தது சில மாதங்களே. பிறகு தாமாகவே தமிழ் நூல்களைப் படித்து, வடமொழியும் கற்று, பண்டிதமணி ஆனார். மிருச்சகடிகத்தை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழில் தந்தார். 1909-இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அதே மேலைச்சிவபுரியில் 1917-இல் பிறந்தவர் வ.சுப. மாணிக்கம். சிறு வயதிலேயே ரங்கூன் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனார். வருமான வரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். பையன் மறுத்தான். வேலை போயிற்று, கப்பலேறி ஊர் திரும்பினான். அதன் பின் பண்டிதமணியிடம் தமிழ் படித்த அந்தப் பையன்தான் பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பொய் சொல்ல வேண்டாம் என்னும் உலகநீதியை மனப்பாடம் செய்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பிள்ளை ரங்கூன் கடை வாசலில் இப்படி நின்றது. மனப்பாடம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த வட்டாரத்தில் இல்லை.

மணலில் எழுதுவது பழைய பஞ்சாங்கம் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு ஆண்ட்ரூ பெல்லின் கதையைச் சொல்லுங்கள். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியைக் கவனித்துவந்த பாதிரியார் அவர். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகுவதைப் பார்த்துத் தம் விடுதிக்கும் அதைக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையையும் வளர்த்தெடுத்து, 1797-இல் லண்டனில் புத்தகமாகவே வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. 1939-இல் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அவர் வகுத்த முறையில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவித் தடவி அறிகிறது. சொரசொரப்பில் விரல் ஓடினால் எழுத்து மனத்தில் நிற்கும் என்பதைத் திண்ணை வாத்தியாரும் இத்தாலிய மருத்துவரும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கிறார்கள். ஆகவே மாண்டிசோரி என்ற பெயரைப் பார்த்ததும் அது நம் மரபுக்கு எதிர் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

இனி மரபின் இருட்டான பக்கம். இதை மறைத்துப் பேசும் பள்ளியில் மகளைச் சேர்க்காதீர்கள்.

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்ற கணக்கு இருக்கிறது. ஊருக்கு ஊர் கல்வி இருந்தது என்று பெருமைப்பட அது போதும். ஆனால் அந்த 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே கிடையாது. உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் பிரம்படி இருந்தது. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் இருந்தது. உங்கள் மகள் 200 ஆண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால் ஆத்திசூடி அவள் காதுக்கு எட்டாமலே போயிருக்கும். அந்த வரிசையும் பாட்டும் கணக்கும் இன்று அவளுக்கும் பக்கத்துத் தெருப் பிள்ளைக்கும் ஒரே பாயில் கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைத்தால்தான் அது காப்பாற்றத் தகுந்த மரபு.

பள்ளியைப் பார்க்க ஆண்டுவிழாவுக்குப் போகாதீர்கள். வாங்க வருபவர் ஆத்தங்குடிக் கல்லின் முகத்தைப் பார்ப்பார்; செய்பவர் திருப்பி முதுகைப் பார்ப்பார், ஓரத்தைத் தடவுவார். செய்பவரின் அதே பார்வையோடு ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போங்கள். ஒரு பிள்ளையிடம் தனக்குப் பிடித்த பாட்டைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் அது எதைப் பற்றியது என்று கேளுங்கள். தன் சொந்தச் சொல்லில் தப்பும் தவறுமாக ஏதாவது சொன்னால் நல்ல அறிகுறி. ஆசிரியரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டால், அங்கே பாட்டு தண்டனையாகப் போய்விட்டது என்று அர்த்தம். ஆசிரியருக்கே அந்தப் பாட்டு பிடித்திருக்கிறதா என்பதையும் அவர் முகத்தில் பாருங்கள்.

நான்கு வயதுப் பிள்ளையின் பையில் எத்தனை நோட்டு என்று எண்ணுங்கள். 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. மரபு என்ற பெயரில் மழலைக்குப் பக்கம் பக்கமாக எழுதக் கொடுக்கும் பள்ளிக்குத் திண்ணையும் தெரியவில்லை, சட்டமும் தெரியவில்லை. 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் சேர்க்கப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது, நன்கொடை கேட்கக் கூடாது, பிள்ளையை அடிக்கவும் கூடாது. 'எங்களிடம் கண்டிப்பு உண்டு' என்று பெருமையாகச் சொன்னால், எப்படிப்பட்ட கண்டிப்பு என்று தயங்காமல் கேளுங்கள்.

வேத பாடசாலை, தேவாரப் பாடசாலை போன்றவற்றின் கதை வேறு. அவை ஒரு தொழிலுக்கும் வழிபாட்டுக்கும் பிள்ளைகளைத் தயார்செய்பவை. அந்தப் பயிற்சி மதிப்புமிக்கது. ஆனால் முடிவெடுக்கும் வயது நான்கு அல்ல. 2012-இல் வந்த திருத்தத்தால் வேத பாடசாலைகளும் முதன்மையாகச் சமயக் கல்வி தரும் நிறுவனங்களும் கல்வி உரிமைச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே அப்படி ஓர் இடம் மனத்தில் இருந்தால், அங்கிருந்து ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கு மாற முடியுமா, என்ன சான்றிதழ் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டிலும் இந்தத் தேடல் நடக்கிறது. ஆங்கில எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வாசித்த ஒரு கட்டுரையில், சிறு வயதில் மனப்பாடம், அடுத்து வாதம், அதற்கும் பின் அழகாக எடுத்துரைத்தல் என்று கல்வியைப் படிப்படியாகப் பிரித்தார். அமெரிக்காவின் மரபுக் கல்விப் பள்ளிகள் பல அதையே அடித்தளமாக வைத்திருக்கின்றன. அங்கே லத்தீன் படிக்கும் பிள்ளையைப் பார்த்து நாம் ஏங்க வேண்டியதில்லை; நம் பிள்ளைக்கு ஆத்திசூடி வீட்டு மொழியிலேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். காரைக்குடி வரை தினமும் வேனில் போய்வரும் பெயர்பெற்ற பள்ளியையும், நடந்து போகும் தூரத்தில் மனமுள்ள ஆசிரியர் ஒருவர் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியையும் ஒரே தட்டில் வைத்துப் பாருங்கள். வேனில் கழியும் நேரம் பட்டறையில் அவள் உங்கள் பக்கத்தில் குந்தியிருக்கக்கூடிய நேரம். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணம் ஊற்றுவதை, உலர்ந்த கலவையைத் தூவுவதை, அதன் மேல் சாந்து போட்டு மட்டம் தட்டுவதை அவள் பார்ப்பாள். சில நாள் தொட்டித் தண்ணீரில் ஊறிய கல், சூளையே காணாமல், கண்ணாடியை விட்டுப் பளபளவென்று பிரியும்போது 'ஏன்ப்பா?' என்று கேட்பாள். அதுவும் அவளுடைய வகுப்புதான். அதற்கு நேரம் மிச்சம் வைக்கும் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்.

பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிச் செல்லுங்கள். திரும்பி வரும்போது எதுவும் கேட்காமல் நடங்கள். அங்கே காதில் விழுந்ததில் ஏதாவது ஒன்றை அவளாகவே முணுமுணுக்கிறாளா, மணலைக் கண்டதும் உட்கார்ந்து விரலால் எதையாவது கீறுகிறாளா என்று பார்த்து, விஜயதசமிக்கு முன் மறக்காமல் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.